விட்டால் வருகிற பரு

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டை ஒட்டிய ஒரு மெடிக்கல் கடையின் சுவரில் பதினோரு வருடம் என் பெயர் தொங்கியது. கண்ணாடி போட்ட சட்டம், உள்ளே என் பதிவுச் சான்றிதழ், மூலையில் இருபத்திரண்டு வயதில் எடுத்த போட்டோ. ஜெயசித்ரா, டி.பார்ம். அந்தச் சட்டத்துக்கு நேர் கீழே நின்று மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான் இல்லை, அன்னக்கிளி. அந்த நேரமெல்லாம் நான் சேதராப்பட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில், தலைக்கு வலை மாட்டிக்கொண்டு, மாத்திரை எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்துக் கடை நடத்த அதற்குப் படித்த ஆள் கடையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். கடை முதலாளி ஜானகிராமன் படித்த ஆளின் காகிதம் இருந்தால் போதும் என்று நினைத்தார். நானும் அப்படியே நினைத்தேன். மாதா மாதம் பணம் சும்மா வருகிறதே, கசக்கவா செய்யும்? வருடத்தில் ஓரிரு தடவை டிரக் இன்ஸ்பெக்டர் அந்த ரோட்டுக்குச் சோதனைக்கு வருவார். மூலக்குளம் பக்கம் முதல் கடையில் அவர் இறங்கியதும் கடைக்குக் கடை போன் பறக்கும். நான் கம்பெனியில் தலைவலி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் பறந்து வந்து, பின்பக்கமாக நுழைந்து, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து அங்கேயே இருந்தவள் மாதிரி நிற்பேன். அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்வேன். படித்தவள் அல்லவா.

நான் சொல்ல வந்தது என் கதையை அல்ல, அன்னக்கிளியின் கதையை. ஆனால் என்னை விட்டுவிட்டுச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அன்னக்கிளி வில்லியனூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். பிளஸ் டூ படித்தவள். கணவர் குமாரவேல் லேத் பட்டறையில் வேலை, ஒரே மகள் பூர்ணிமா. கடைக்கு வந்த முதல் வருடம் அட்டைப்பெட்டி அடுக்கினாளாம். இரண்டாம் வருடம் டாக்டர்களின் கையெழுத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டாள். டாக்டருக்கே திரும்பிப் படிக்க வராத சீட்டை எல்லாம் அவள் ஒரு பார்வையில் படிப்பாள். பக்கத்துத் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருந்தார், ஊரில் சொல்தா தாத்தா என்பார்கள். அவருக்குக் காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை என்று கவர் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பாள். அவர் கையைத் தூக்கி "மெர்சி மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். இவள் அன்று முழுக்க மதாமாகவே நடப்பாள்.

அவள் கன்னம் இரண்டிலும் குழி குழியாகத் தழும்பு. பதினாறு வயதில் முகம் கொள்ளாமல் பரு வந்திருக்கிறது. அது அழுக்கால் வருவதில்லை, அந்த வயதில் தோலுக்குள் எண்ணெய் கூடிச் சின்னத் துவாரங்கள் அடைத்துக்கொள்வதால் வருவது என்று சொல்ல அவளுக்கு யாரும் இல்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாளாம். நகத்தால் கிள்ளினாளாம். பற்பசை, எலுமிச்சம் பழம், சோடா உப்பு என்று ஒவ்வொருத்தர் சொன்னதையும் ஒவ்வொரு வாரம் பூசியிருக்கிறாள். பரு போனது, குழி நின்றது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ண கொஞ்சம் வெளிச்சத்துல வந்து நிக்கச் சொல்லுங்க" என்றாளாம். வாசல் வரைக்கும் நடந்து போய் வெயிலில் நின்றுவிட்டு உள்ளே வந்தாளாம். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. இதை அன்னக்கிளி சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள், ஆனால் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறாள்.

அதனால்தானோ என்னவோ, பருவோடு ஒரு பெண் கடைக்கு வந்தால் அவளால் தாங்க முடியாது. மற்ற கூட்டத்தை நிற்க வைத்துவிட்டு அந்தப் பெண்ணைத்தான் முதலில் கவனிப்பாள். "கிள்ளாத கண்ணு, கிள்ளுனா என்ன மாதிரி ஆயிடும்" என்று தன் கன்னத்தைக் காட்டுவாள். அதுவரை எல்லாம் சரி. அடுத்து அந்த ட்யூபை எடுத்துக் கொடுப்பாள்.

அந்த ட்யூபை அவள் கண்டுபிடித்த விதம் இது. ஒரு பெண் முகத்துக் கரும்படைக்காக டாக்டர் எழுதிய சீட்டோடு வந்து அதை வாங்கிப் போனாள். இரண்டு வாரம் கழித்து வேறு எதற்கோ வந்தபோது முகம் துடைத்து வைத்த வெண்கலக் குத்துவிளக்கு போல இருந்தது. அன்னக்கிளி மனதில் குறித்துக்கொண்டாள். பிறகு பருவோடு வந்த ஒருத்திக்குக் கொடுத்துப் பார்த்தாள். ஐந்தே நாளில் அடங்கியது. அந்த முதல் சீட்டில் பதினைந்து நாள் மட்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். எந்தக் கையெழுத்தையும் படிக்கிறவள், அதைப் படிக்காமல் விட்டாள் என்று சொல்ல முடியாது. படித்தாள், ஆனால் அந்தப் பெண்ணின் முகம் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத சரக்கு அது. டப்பாவில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அதனால் பில் போடாமல் கொடுப்பாள். அதற்குள் ஸ்டெராய்டு இருந்தது. டாக்டர் பார்த்து, அளந்து, நாள் குறித்துக் கொடுத்தால் அது நல்ல மருந்துதான். ஆனால் மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்துபோகும், உள்ளே ஓடும் சின்ன ரத்தக் குழாய் சிவப்பாக வெளியே தெரியும். தோல் அதற்குப் பழகியும் போகும். குடிகாரனுக்குக் குடியை விட்டால் கை நடுங்குமே, அது போல நிறுத்தின நாலாம் நாள் முகம் எரியும், முன்பு ஒரு பரு இருந்த இடத்தில் பத்து வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஒரு சோதனை நாளில் இன்ஸ்பெக்டர் போனபிறகு, ஒரு காலேஜ் பெண் வந்து மருந்தின் பெயர் கூடச் சொல்லாமல் "அக்கா, அதுல ஒண்ணு" என்று கேட்டு வாங்கிப் போனாள். கன்னத்தில் சிவப்பு நூல் நூலாக ஓடியிருந்தது. இதைக் கொடுக்காதே என்று மட்டும், ஏன் என்று விளக்காமல், அன்றைக்கு அன்னக்கிளியிடம் சொன்னேன். அவள் என் வெள்ளைக் கோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ வருசத்துக்கு ரெண்டு நாள் வர்ற ஜெயா. தெனமும் இங்க நிக்கிறவ நானு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றே சட்டத்தையும் கழற்றியிருக்க வேண்டும்.

பூர்ணிமாவுக்குப் பதினாறு வயதில் பரு வந்தது. அவளை எட்டு வயதிலிருந்து எனக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், நான் ஓடி வந்து கோட்டு மாட்டும்போது பட்டனைப் போட்டுவிட்டு "சித்தி, இன்னிக்கும் தலைவலியா?" என்று கேலி செய்வாள். என் உடன்பிறந்தவள் பிள்ளை கூட என்னை அவ்வளவு உரிமையாகச் சித்தி என்று கூப்பிட்டதில்லை. நெற்றியிலும் தாடையிலும் நாலு பரு, அந்த வயதில் யாருக்கும் வருவது. ஆனால் அன்னக்கிளிக்கு வாசல் வெயிலும் அந்த அத்தையும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். கடையிலேயே நல்லது என்று அவள் நம்பியதை மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்தப் பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பூர்ணிமா தட்டில் பொங்கல் வைத்துக் கொண்டுவந்தாள். முகத்தில் ஒரு புள்ளி இல்லை. "என்னாடி, இப்பிடி மின்னுற" என்றேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அன்னக்கிளி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துப் பெருமையாகத் தலையை ஆட்டினாள். எதனால் அந்த மினுமினுப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். தோன்றியது. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வருடம் பள்ளியில் என்.எஸ்.எஸ். முகாம், பாகூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஏழு நாள். ட்யூபை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாள் பூர்ணிமா. நாலாம் நாள் முகம் எரிய ஆரம்பித்து, ஆறாம் நாள் கன்னம், தாடை எல்லாம் சீழ் வைத்த பருவாகப் பொங்கிவிட்டது. துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வீடு வந்தாள். அன்னக்கிளி பதறிப்போய் மறுபடி அதையே பூசினாள். மூன்று நாளில் அடங்கிவிட்டது. அவள் கணக்கு அங்கேதான் தப்பாகப் போனது. வேறு யாராக இருந்தாலும் இந்த மருந்தில் ஏதோ கோளாறு என்று பயந்திருப்பார்கள். பதினைந்து வருடம் கடையில் நின்று, பிரஷர் மாத்திரையை விட்டால் பிரஷர் ஏறும், சுகர் மாத்திரையை விட்டால் சுகர் ஏறும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். விட்டால் வருகிறது, போட்டால் போகிறது, அப்படியானால் இதுதான் இதற்கு உண்டான மருந்து என்று முடிவு கட்டிவிட்டாள்.

இருந்தாலும் மனது கேட்காமல் எனக்குப் போன் செய்தாள். கம்பெனியில் அன்று ஒரு மாத்திரைத் தொகுதி சோதனையில் தேறவில்லை, மேலதிகாரி பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"விட்டா வருது ஜெயா. அப்ப வுடாம போட்டுக்கினே இருக்கலாமா? நீ படிச்சவ, நீ சொல்லு."

ஒரு நிமிடம் போதும். போடாதே, நாளைக்கே தோல் டாக்டரிடம் கூட்டிப் போ, திடீரென்று நிறுத்தாமல் எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார் என்று சொல்ல அதற்கு மேல் ஆகாது. ஆனால் அதைச் சொன்னால் இத்தனை வருடம் ஏன் விளக்கிச் சொல்லவில்லை என்று அவள் கேட்பாள். கடையில் வாங்கிப் போன மற்ற பெண்களைப் பற்றிக் கேட்பாள். பேச்சு கடைசியில் சுவரில் தொங்குகிற சட்டத்தில்தான் போய் நிற்கும்.

"இப்போதைக்கு போட்டுக்கட்டும்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அந்த அப்புறம் வர ஒன்றரை வருடம் ஆனது. என்னால் வரவில்லை, பூர்ணிமாவால் வந்தது.

அவள் நர்சிங் காலேஜில் சேர்ந்திருந்தாள். தடித்த யூனிபார்ம், வியர்வை, இரண்டு முட்டிக்கும் பின்னால் படை வந்து அரித்திருக்கிறது. வீட்டில் இருந்த அதே ட்யூபை அங்கேயும் பூசினாள். அரிப்பு உடனே நின்றது, படை அடங்கின மாதிரி அடங்கிப் பெரிதாகத் திரும்பி வந்தது. மறுபடி பூச, இரண்டு மூன்று மாதத்தில் அந்த இடத்தில் சிவப்பாக வரி வரியாக விழுந்துவிட்டது, பிள்ளை பெற்றவர்கள் வயிற்றில் விழுமே, அதே மாதிரி. தோல் இழுபட்டாலும் அந்த வரி விழும், மருந்தால் மெலிந்து வலுவிழந்தாலும் விழும். ஒருநாள் வகுப்பில் டீச்சர் ஸ்டெராய்டு பற்றிப் பாடம் எடுத்து, திரையில் ஒரு முட்டியின் படத்தைக் காட்டியிருக்கிறார். பூர்ணிமா சாயங்காலம் வீட்டுக்கு வந்து ட்யூபை எடுத்துப் பொடி எழுத்தை முதல் தடவையாகப் படித்தாள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தனியாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் தோல் வியாதிப் பிரிவில் வரிசையில் நின்றாள்.

அன்றைக்கு எங்கள் ரோட்டில் சோதனை. இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். நான் கோட்டைக் கழற்றாமல் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மத்தியான நேரம், கவுன்ட்டரில் நாலு பேர் நின்றார்கள். நாலாவது ஆளாகப் பூர்ணிமா நின்றாள். வழக்கமாகப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறவள். என்னடி என்று அன்னக்கிளி கேட்டும் வரிசையை விட்டு வராமல், தன் முறை வந்ததும் சீட்டை நீட்டினாள்.

அன்னக்கிளி படித்தாள். மேலே நோயின் பெயர், ஸ்டெராய்டு பூசியதால் பாழான முகம் என்று இங்கிலீஷில். கீழே, சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி மூன்று வருடம் பூசியது என்று. அதற்கும் கீழே மருந்துகள். அவள் உதடு எழுத்தெழுத்தாக அசைந்தது. ஒரு பார்வையில் படிக்கிறவள், அந்த ஒரு சீட்டைப் படிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு திரும்பி, அலமாரியில் சரியான மருந்துகளை எடுத்து வைத்தாள். கை தப்புப் பண்ணவில்லை. பில் போட்டாள்.

"யாரு குடுத்தாங்கன்னு டாக்டர் கேட்டாரா?" என்றாள் மெதுவாக.

"கேட்டாங்க. மெடிக்கல் ஷாப்லன்னு சொன்னேன். அம்மான்னு சொல்லல."

அன்னக்கிளி மருந்தை எல்லாம் பையில் போட்டு அவள் முன்னால் வைத்தாள். நான் எழுந்து வந்து பூர்ணிமாவின் தோளைத் தொட்டேன். என்ன சொல்லத் தொட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவள் என் கையைத் தட்டிவிடவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு தெரியாது. உங்களுக்கு தெரியும்ல?"

 அவள் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனாள்.

அடுத்த ஆறேழு வாரம் அந்தப் பெண் பட்ட பாட்டை நான் நேரில் பார்க்கவில்லை, அன்னக்கிளி சொல்லித்தான் தெரியும். டாக்டர் வீரியம் குறைந்ததைக் கொடுத்து, நாள் விட்டு நாள் ஆக்கி, பிறகு நிறுத்தினார். நிறுத்தியதும் முகம் பழையபடி பொங்கியது. விசிறி காற்று பட்டாலே எரிச்சல். அம்மா ஈரத்துணி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பாளாம். ஒரு நாள் தாங்க மாட்டாமல் அந்த ட்யூபையே கேட்டு அழுதிருக்கிறாள் மகள். அன்னக்கிளி வீட்டில் இருந்த கடைசி ட்யூபை அப்போதுதான் பிதுக்கிச் சாக்கடையில் கொட்டினாளாம். வெயிலுக்கு ஒரு களிம்பு, வறட்சிக்கு ஒரு களிம்பு, பிறகு பருவுக்கு உண்டான ஜெல் இரவில் பயறளவு. பருவுக்கு நல்ல வைத்தியம் என்றால் இரண்டு மூன்று மாதம் பொறுத்துத்தான் பலன் தெரியும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். எட்டு மாதத்தில் முகம் ஓரளவு தேறியது. கன்னத்துச் சிவப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. முட்டிக்குப் பின்னால் விழுந்த வரி போகாது, வெளுத்து மங்கும், அவ்வளவுதான் என்றாராம்.

நான் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பத்தே நாளில் அதே ஆணியில் வேறொரு பெண்ணின் சட்டம் தொங்கியது. அன்னக்கிளி அதன் கீழே நின்றாள், ஆனால் சீட்டு இல்லாமல் அந்த ட்யூபைத் தர மறுத்தாள். நாம் தராவிட்டால் அடுத்த கடையில் வாங்கப் போகிறார்கள் என்று ஜானகிராமன் சலித்துக்கொண்டார். கேட்ட பெண்களும் அப்படித்தான் போனார்கள். இவள் கவுன்ட்டரை விட்டு இறங்கி ரோடு வரைக்கும் ஓடி, பெரியாஸ்பத்திரிக்குப் போ கண்ணு என்று கெஞ்சுவாளாம்.

அவளுக்குத் தூக்கம் கெட்டது அதனால் இல்லை. ஒருநாள் என் வீட்டுக்கு வந்து பழைய டைரி ஒன்றைப் பிரித்து வைத்தாள். அந்த ட்யூபை வாங்கிப் போனவர்களில் ஆறு பேர் பெயர்தான் அதில் இருந்தது. ஒருத்தி கல்யாணமாகி நெய்வேலி போய்விட்டாள், ஒருத்தியின் போன் நம்பர் மாறிவிட்டது.

"பில்லு போட்டிருந்தா பேராவது இருந்திருக்கும் ஜெயா. நூறு பேராவது இருப்பாங்க. பஸ்ஸுல போறப்ப ஒவ்வொரு பொண்ணு கன்னமா பாத்துக்கினு வர்றேன்."

அவளை நான் ஆறுதல் படுத்தவில்லை. நூறு பேருக்கும் கையால் கொடுத்தவள் அவள், பெயரால் கொடுத்தவள் நான். ஆனால் பஸ்ஸில் கன்னம் பார்த்துக்கொண்டு வந்தவள் அவள் மட்டும்தான்.

போன மாதம் பூர்ணிமாவை இந்திரா காந்தி சிலை சிக்னல் பக்கம் பார்த்தேன். அம்மாவும் மகளும் ஒரு வண்டியில் வந்து பழக்கடையில் நின்றார்கள். மகள் அம்மா தோளில் கை போட்டுக்கொண்டு எதையோ சொல்லிச் சிரித்தாள். அன்னக்கிளியின் குழி விழுந்த கன்னமும் சிரித்தது. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு அருகில் போனேன். அன்னக்கிளி பழக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை அந்த இடைவெளியில் சொல்லிவிட்டேன். அன்னிக்குப் போன்ல நான் சொல்லியிருக்கணும் பூர்ணிமா, என்னை மன்னிச்சிடு என்றேன்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையோடு பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றாள்.

"பரவால்ல மேடம்" என்றாள்.